எட்டாம் இலக்கம்

முதலில் செத்தது விசிறி.
மல்லாவியில் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி,
கரடிப்போக்குச் சந்திக்குக் கொண்டுபோனேன்.
துசிகரன் அடித்தகட்டைக் கழற்றி
பழைய பேப்பர் ஒன்றின் மேல் தட்டினான்.
ஒரு கரண்டி செம்மண்.
"இதுக்குள்ள வெங்காயம் நடலாம் அக்கா."
நாலாயிரத்து ஐந்நூறு ரூபா.
மண்ணையும் மடித்துக் கையில் தந்தான்.

எங்கள் பால் சங்கத்தின் கதவுக்கும்
கிறவல் வீதிக்கும் நடுவே வேலி இல்லை.
டிப்பர்கள் போகிற நேரமும்
நான் லீற்றரும் கொழுப்பும் பதிகிற நேரமும்
ஒன்று.

பிறகு சார்ஜர், ஐப்பசி இடியில்.
ஐயாயிரத்து எண்ணூறு.
பிறகு மூடியின் பிணைச்சல். ஏழாயிரம்.
பழையதாய் வாங்கிய லப்டொப்புக்கு
லீசிங் பொடியன் இன்னும்
பத்தாம் திகதி தவறாமல் வருகிறான்.
சங்கத்துக்கு ஒரு கணினி கேட்டு
நான் எழுதிய கடிதமும்
இதற்குள்ளேதான் கிடந்தது.

தை மாதம் கீபோர்டில் சிற்றெறும்பு குடிவந்தது.
எட்டாம் இலக்கம் சில நேரம் விழும்,
சில நேரம் விழாது.
"மாத்தினா பதினோராயிரம் அக்கா.
எட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கி அமத்துங்கோ."
ஒரு எட்டுக்காகப் பதினோராயிரமா என்று
வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பங்குனி பதின்மூன்று விடிய
நீலத் திரை. பிறகு கறுப்பு.
உள்ளே ஒரு சத்தம்,
தகரத்தில் கோழி கிளறுகிற மாதிரி.
பன்னிரண்டு நாள் பால் அதற்குள் போயிற்று.

பஸ்ஸில் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
கண்டக்டர் எட்டிப் பார்த்து,
"பிள்ளைக்குக் காய்ச்சலோ?" என்றான்.
சிரிக்க முடியவில்லை. டிக்கெட்டை வாங்கினேன்.

"புது ஹார்ட் டிஸ்க் பதினாலாயிரம்.
பழசில இருக்கிறதை எடுக்க ஒன்பதாயிரம்.
எடுபடுமெண்டு சொல்லேலாது."
எடு என்றேன்.
காதில் கிடந்ததை வைத்துத்தான் எடுத்தேன்.

அது வரும்வரை காத்திருக்க முடியாது,
அறுபத்தேழு பேருக்குக் காசு கொடுக்க வேண்டும்.
ஒரு ஒற்றைறூள் கொப்பியோடு இருந்தேன்.
அவர்கள் வரிசையில் நின்று சொன்னார்கள்.
தவமலர் விரல் மடித்தாள்.
செபஸ்தியாம்பிள்ளை சிகரெட் பெட்டியின் உட்பக்கத்தில்
கோடு கீறி வைத்திருந்தார்.
"மாடு வேலி பாஞ்ச அண்டைக்கு மூண்டு.
மற்ற நாளெல்லாம் ஆறு."
"மகளின்ர பிறந்தநாளுக்கு வட்டிலப்பம்.
அண்டைக்கு நான் ஊத்தேல்லை, பிள்ளை, போடாதையுங்கோ."

இரவு கூட்டினேன்.
குளிரூட்டும் நிலையத்துச் சிட்டையோடு
வித்தியாசம் நாலு லீற்றர்.
அதுவும் அவர்கள் குறைத்துச் சொன்னது.

பத்து நாள் கழித்துத் துசிகரன் அழைத்தான்.
"அக்கா, எல்லாம் எடுத்திட்டன், ஒண்டும் போகேல்லை!"
அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.
பென் டிரைவை வாங்கிக்கொண்டு
பழைய கணக்கையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்தேன்.

சிட்டையைவிட முந்நூற்றுப் பதினொரு லீற்றர் குறைவு.

ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி என்று போனேன்.
தவமலர், மூன்றாம் திகதி, எட்டு: வெற்றிடம்.
செபஸ்தியாம்பிள்ளை, ஏழு தசம் எட்டு: ஏழு.
பதினெட்டு ஊற்றியவனுக்கு ஒன்று.
ஒன்பதாயிரம் கொடுத்து மீட்டது இதை.

நாற்பதாயிரத்து முந்நூறு இதுவரை.
கீபோர்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.
இப்போது எட்டு, தொட்டாலே விழுகிறது,
சில நேரம் இரண்டாய்.

கொப்பியை நிறுத்தவில்லை.
ஏன் இரண்டு வேலை என்று தலைவர் கேட்டார்.
கரண்ட் போகும்தானே என்றேன்.

அதே பென் டிரைவில்
மாசி மாதமும் இருக்கிறது.
மாசிக்கு எல்லோருக்கும் கொடுத்து முடிந்தது,
எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்,
ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதை இன்னும் திறக்கவில்லை.